ஐந்தரைக்கு வரமாட்டேன் என்றவள்

பின்லாந்தின் வடக்கே ஊலு நகரத்தில் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சாப்பாடு அனுப்பும் ஒரு தனியார் சமையற்கூடத்தில் நானும் சில்வி ருவோனலாவும் பதினாறு வருடம் அடுத்தடுத்த அடுப்பில் நின்றோம். என் பெயர் மார்கெத்தா. அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. நாலு மணிக்குத் தானாகவே விழித்துக்கொள்ளும் ஜென்மம் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சில்வி நேர் எதிர். காலையில் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் வர அரை நிமிடம் ஆகும். மதியம் இரண்டுக்கு மேல் பார்க்க வேண்டும், அந்தக் கையின் வேகம் எங்கள் யாருக்கும் வராது. முன்பு பதினொன்றுக்கு வந்து ஏழுக்குப் போவாள். இரண்டு சமையற்கூடங்களை ஒன்றாக்கியபோது மேலாளர் ரவுனோ நிரந்தர ஊழியர்கள் எல்லோரையும் காலை ஐந்தரைக்கு மாற்றிவிட்டார். முதியோர் இல்ல இரவுச் சாப்பாட்டுக்குத் தற்காலிக ஆட்கள் வந்து வந்து போனார்கள்.

அப்படி மூன்று வருடம் ஓடியது. ஒன்பதுக்கே படுத்தாலும் சில்விக்கு ஒரு மணி வரை தூக்கம் வராது. நாலரைக்கு அலாரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் விழுந்து தூங்குவாள். எழுந்த பிறகு பசி வருவதோ இரவு பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் வேக வைக்க யாருக்கு மனம் வரும்? தொத்திறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று கைக்குக் கிடைத்ததுதான், கூடவே சிகரெட்டும். மூன்றுக்குள் இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு நாலு புள்ளி எட்டுக்குப் போய்விட்டது. அவளுடைய அப்பா ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். அவளுக்கு அப்போது ஐம்பத்து நாலு.

பணியாளர் நலச் செவிலிக்கு இரண்டு வருடமாக ஒரே பேச்சு: சீக்கிரம் படு, சீக்கிரம் எழு. நானும் கேலி செய்திருக்கிறேன். "போர்வை உன்ன விட மாட்டேங்குதாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அவள் சிரித்ததில்லை.

டிசம்பரில் ஒரு புது மருத்துவர் அவளிடம் வேறு கேள்வி கேட்டாராம். விடுமுறையில், யாரும் எழுப்பாதபோது, எப்போது தூங்கி எப்போது எழுவாய்? ஒன்றரைக்குத் தூங்கி ஒன்பதரைக்கு எழுவேன் என்றிருக்கிறாள். அது சோம்பல் இல்லை, உடம்புக்குள் ஓடும் கடிகாரம் சிலருக்கு அப்படித்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குக் கொழுப்பும் இதயக் கோளாறும் சற்று அதிகமாகவே காணப்படுகின்றன. ஆனால் அதில் பெரும்பங்கு தூக்கக் குறைவுக்கும், நேரம் கெட்ட சாப்பாட்டுக்கும், சிகரெட்டுக்கும்தான் என்றும் விளக்கியிருக்கிறார். மாத்திரை எழுதிக்கொடுத்து, முடிந்தால் பணி நேரத்தை மாற்றிக்கொள் என்றாராம்.

மறுநாளே அவள் ரவுனோவிடம் மருத்துவர் சொன்னதைச் சொல்லிப் பழைய நேரத்தைக் கேட்டாள். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவள் அடுப்பு காலியாக இருந்தது. பதினொன்றுக்கு வந்தாள், கவசத் துணியைக் கட்டிக்கொண்டு இரவுச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள், ஏழு வரை வேலை செய்தாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"ஏண்டி, வேலை போயிடும்டி," என்றேன்.

"போனா வேற வேலை கிடைக்கும். இதயம் போனா எங்க போய் வாங்குறது?" என்றாள்.

அந்த நிமிடம்தான் எனக்குச் சுருக்கென்றது. அவள் பக்கத்தில் நின்று பேச வேண்டிய பிரதிநிதி நான். மூன்று வருடமாக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரவுனோவின் அறையில் பேச்சு. வெளியே இன்னும் கும்மிருட்டு. ஒழுக்கம், உதாரணம் என்று ரவுனோ நிறையப் பேசினார். கடைசியில், "ஊரே எழுந்து வேலைக்கு வருது. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்றார்.

சில்வி ஜன்னலைக் காட்டினாள். "சூரியனே பத்து மணிக்கு மேலதான் வருது, ரவுனோ. அதுக்கு இன்னும் யாரும் கடிதம் குடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுப் பணியில் அந்த வருடம் மட்டும் பதினொரு தற்காலிக ஆட்கள் மாறியதையும், சாப்பாடு தாமதமாக வருகிறது என்று முதியோர் இல்லங்கள் நான்கு முறை புகார் செய்ததையும் எடுத்து வைத்தேன். ரவுனோ கொஞ்சம் இறங்கி வந்தார். மூன்று மாதம் பார்க்கலாம், ஆனால் முடிவில் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்ட வேண்டும், கொழுப்பு குறைந்திருந்தால்தான் தொடரலாம் என்றார்.

எனக்கு அது நல்ல முடிவாகவே பட்டது. தலையாட்டப் போனேன். சில்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் ரத்தம் எனக்கும் டாக்டருக்கும். நீ என் சட்டியப் பாரு, சாப்பாட்டு வண்டி எத்தன மணிக்குக் கிளம்புதுன்னு பாரு. அதுல குறை இருந்தா அனுப்பிடு."

ரவுனோ நிபந்தனைகளை எழுதியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். அதில் அறிக்கை பற்றிய வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் அவள் கோப்பில் இருக்கிறது.

மூன்று மாதத்தில் ஒரு வண்டிகூடத் தாமதமாகப் போகவில்லை. அவள் மாலை ஐந்து மணிக்கு அங்கேயே சமைத்த மீன் சூப்பும் கம்பு ரொட்டியும் சாப்பிட்டாள். வீட்டில் பதினொரு மணிச் சாப்பாடு தானாக நின்றது. மாத்திரையையும் விடவில்லை. சிகரெட்டை விட இரண்டு முறை முயன்று, இரண்டாவது முறை விட்டாள்.

கோடையில் என்னிடம் மட்டும் எண்ணைச் சொன்னாள்: இரண்டு புள்ளி ஒன்பது. எதனால் குறைந்தது, மாத்திரையா தூக்கமா சாப்பாடா என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் நடைவழியில் ரவுனோவே ஆவல் தாங்காமல், முடிவு எப்படி வந்தது என்று கேட்டார். அவள் நிற்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே, "வண்டி நேரத்துக்குக் கிளம்புது, ரவுனோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் இன்னும் இரண்டு பேர் அந்த நேரத்தைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். இரண்டையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.