புளி போட்டு விளக்கிய சாக்ஸபோன்

அந்தச் சீமாட்டிக்கு முதலில் போனது மூக்கு. அடுத்த திங்கட்கிழமை கண்கள் இரண்டும் போயின. மூன்றாவது திங்கட்கிழமை, ஊறவைத்த புளிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பூவாத்தாள், மடியில் கிடந்த சாக்ஸபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் அகன்ற வாயைச் சுற்றிலும் கொடியும் பூவுமாக ஒரு தோட்டமே செதுக்கியிருந்தார்கள். தோட்டத்தின் நடுவில் நின்ற சீமாட்டிக்கு முகம் இருந்த இடத்தில் இப்போது வழுவழுவென்று ஒரு மஞ்சள் வட்டம்தான் இருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் தன் பழைய பங்களாவையே மியூசியமாக்கியிருந்தார் மில் முதலாளி. பல்லக்கும் புலித்தோலும் ஓடாத கடிகாரங்களுமாக நிறைந்து கிடந்த அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை பூவாத்தாளுக்கு. வேலையோடு சேர்த்துக் கொல்லையில் ஓர் ஒற்றை அறையும் கொடுத்திருந்தார். அதில்தான் அவளும் பத்தாவது படிக்கும் மகள் மதிவதனியும் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்த சுப்பண்ணன் ஒரு பீங்கான் ஜாடியைக் கைதவறி உடைத்தார். அன்று சாயங்காலமே அவருடைய தட்டுமுட்டுச் சாமான்கள் கேட்டுக்கு வெளியே கிடந்தன. அதைப் பார்த்த பிறகு பூவாத்தாள் ஜாடிகளைத் தொடும்போது மூச்சுக்கூட விடுவதில்லை.

ஜாடியில் காட்டிய பயத்தைச் சாக்ஸபோனில் காட்டவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் குத்துவிளக்குகளைப் புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். சாக்ஸபோன் கறுத்துப்போய்க் கிடந்தது. அதுவும் வாத்தியம்தானே, வாத்தியத்தை அழுக்கோடு சரஸ்வதிக்கு முன்னால் வைக்கலாமா என்று நினைத்தவள், அதையும் எடுத்துப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். பளீரென்று வந்தது. முதலாளி அசந்துபோனார். "இத்தன வருசமா இது இப்பிடி மின்னும்னே தெரியாமப் போச்சே!" என்றவர், பெட்டிக்கு மேலே புதிதாக ஒரு விளக்கைப் பொருத்தச் சொன்னார். மியூசியம் திறக்காத திங்கட்கிழமைதோறும் விளக்கவேண்டும் என்று உத்தரவும் போட்டார். பூவாத்தாளுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அந்த மூன்றாவது திங்கட்கிழமை, அவள் மடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்து விஷயத்தைச் சொன்னவர் காவலாளி ஜெரோம். கருமத்தம்பட்டிக்காரர், கோயில் திருவிழாக்களில் பேண்டு வாசித்தவர்.

"அக்கா, இது வெறும் பித்தளையில்லீங்க. மேல வெள்ளி முலாம், அதுக்கு மேல தங்க முலாம். நீங்க தேச்சுத் தேச்சு ரெண்டையும் எடுத்துப்போட்டீங்க."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?"

"நானே இப்பத்தானுங்க உத்துப் பாக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் ஈரத்துணியால் மட்டும் ஒற்றி எடுத்தாள். ஆனால் முலாம் போன இடம் நாலு நாளில் கறுத்தது. முதலாளி வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டார். "என்ன பூவாத்தா, கை தளந்து போச்சா?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை அவள் மறுபடியும் புளியை எடுத்தாள், சீமாட்டியின் உடம்பும் தேய்ந்துபோனது. தேய்த்தாலும் கேடு, தேய்க்காவிட்டாலும் கேடு. ராத்திரியில் பூவாத்தாள், மதிவதனி கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பரீட்சை வரைக்குமாவது இந்த அறை வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய வாத்தியங்களைப் பற்றி எழுதுகிறவராம். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பொம்பளை உருவம் இருந்திருக்கணுமே?" என்றார்.

முதலாளி பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்ல அவளுக்கு நாலைந்து வழி இருந்தது. பழசு, தானாகத் தேய்ந்திருக்கும் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்து வெளியே வந்துவிட்டது.

"நாந்தானுங்க ஐயா தேச்சுப்போட்டேன். புளி போட்டு. வெளக்கு மாதிரி நெனச்சுத் தேச்சுப்போட்டனுங்க."

சொன்னதும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அறையைக் காலி செய்ய வேண்டும், மதிவதனியின் புத்தகங்களை முதலில் கட்டவேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள். பெரியவர் பெருமூச்சு விட்டார். இனித் துணிகூடப் படக்கூடாது, மிச்சமாவது தப்பட்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போன பிறகு முதலாளி அவளைக் கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்த மனுசன் சொன்னத இங்கயே விட்டுப்போடு அம்மிணி. இங்க வர்றவிய பளபளப்பத்தான் பாக்கறாங்க. மூஞ்சி இருந்துச்சுன்னு ஆரு கண்டா? திங்கக்கெழம எப்பவும்போல வெளக்கீரு."

"ஐயா, இன்னொருக்காத் தேச்சா எதுவுமே மிஞ்சாதுங்க."

"உன்ற ஊடு வேணுமா, வேண்டாமா?"

திங்கட்கிழமை வந்தது. ஜெரோம் பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை அவள் மடியில் வைத்தார். வெளியே போய், வழக்கம்போல அறைக்கதவைப் பூட்டினார். பூவாத்தாள் புளியைப் பிழிந்தாள். சீமாட்டியிடம் மிச்சமிருந்தது ஒரு கைதான். ஐந்து விரலும் நகமுமாக, கொடியைப் பிடித்தபடி. துணி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் தன் இடது கட்டைவிரலை அந்தக் கையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். புளித்தண்ணீர் நகக்கண்ணில் இறங்கிக் காந்தியது. விரலை எடுக்காமல் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.