மூன்றாவது கேள்வி

ரத்தம் எடுக்கும் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அக்கா மூன்று கேள்வி கேட்பாள். சாப்பிட்டீங்களா? வேற என்ன மாத்திரை போடுறீங்க? முடிக்கு, நகத்துக்குன்னு ஏதாவது வைட்டமின் சாப்பிடுறீங்களா? கேட்டு, சீட்டில் மூன்று கட்டத்திலும் பேனாவால் குறித்த பிறகுதான் கையில் ரப்பர் பட்டை ஏறும். மந்திரியே வந்தாலும் இந்த வரிசை மாறாது.

முதல் இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறவர்கள் மூன்றாவதற்குச் சிரித்துவிடுவார்கள். வழுக்கைத் தலையோடு மாதாமாதம் வருகிற ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருக்கிறார். "என் தலையப் பாத்துட்டா கேக்குற? நல்ல கண் டாக்டரா பாரும்மா" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வராது. "கேக்குறது என் வேலை. ஆமாவா, இல்லையா?" என்பாள். லேபில் அவளுக்குப் பெயர் போலீசம்மா. வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடத்தில் ஒரு ரிப்போர்ட்கூட மாறிப் போனதில்லை என்ற திமிர் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த திமிர்தானே.

அந்த நாற்காலியில் உட்காராத ஒரே ஆள் அவள் தங்கை.

தங்கைக்கு வீட்டில் பெயர் மைக். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கருப்பையை ஒட்டிய சூலகத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று, ஆறு முறை மருந்து ஏற்றினார்கள், தலையில் ஒரு முடி மிச்சமில்லை. அப்போதும் வாய் மட்டும் குறையவில்லை. "ஷாம்பு மிச்சம்க்கா" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னவள் அவள்.

இந்தக் கட்டி ரத்தத்தில் ஒரு பொருளைக் கசியவிடும். அதை அளந்தால் ஒரு நம்பர் வரும். முப்பத்தைந்துக்குள் இருந்தால் பெருமூச்சு விடலாம். சும்மா இருந்த நம்பர் ஏறத் தொடங்கினால் கட்டி திரும்ப வருகிறது என்று பயப்பட வேண்டும். மைக்குக்கு முதலில் எண்ணூற்று நாற்பது. சிகிச்சை முடிந்தபோது பதினாறு. அன்றைக்கு மைக்கின் புருஷன் அந்தப் பதினாறைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, பொம்பளைங்க முன்னால் அழக் கூடாது என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மருந்து ஏற்றிய நாட்களுக்குப் பிறகு மைக்குக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. ஸ்பிரிட் மணம் பட்டாலே குமட்டும். "அந்த நாற்காலியில என்னைக் கொன்னாலும் உட்கார மாட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காலையில் அக்காவே தங்கை வீட்டுக்குப் போவாள். சமையலறை மேஜையில் டீ டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அங்கேயே ரத்தம் எடுப்பாள். குழாயைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். லேபில் போய்ச் சீட்டையும் அவளே நிரப்புவாள். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து ஒரே கோடு. இல்லை, இல்லை, இல்லை. கூடப் பிறந்தவளைப் பற்றித் தனக்குத் தெரியாததா?

பதினாறுக்குப் பிறகு பன்னிரண்டு வந்தது. அப்புறம் ஒன்பது. அவையும் காலண்டரில் சிவப்பு மையில் ஏறின. டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் வந்து காட்டச் சொல்லியிருந்தார். நம்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று மைக் போகவில்லை. அக்காவும் போகச் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு "ஒன்பது சார்" என்றாள். "பிரமாதம்" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினாறு வருடம் பொய் சொல்லாத வாய் சொல்கிற நம்பரை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

முடியும் வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, முன்பு இருந்ததைவிட அடர்த்தியாகவே வந்தது. மைக் கண்ணாடியை விட்டு நகர்வதில்லை.

இடையில் ஒரு நாள் மைக் போன் செய்தாள். "அக்கா, ரெண்டு வாய் சாப்பிட்டா வயிறு ரொம்பிடுது. பாவாடை நாடாவும் எட்ட மாட்டேங்குது."

"உக்காந்த இடத்துலயே மைக்க புடிச்சுக்கிட்டு இருந்தா தொப்பை வராம என்ன வரும்? நம்பர் ஒன்பதுடி. கேஸா இருக்கும். பேசாம படுத்துத் தூங்கு."

இப்படித்தான் சொன்னாள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டபோதும் இதையேதான் சொன்னாள்.

அடுத்த முறை ரத்தம் எடுத்துக்கொண்டு போன அன்று பார்த்து லேபில் மெஷின் படுத்துவிட்டது. உள்ளே ஏதோ ஒரு பம்ப் கசிந்தது. அன்றைக்கு வந்த குழாய்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து வேறொரு லேபுக்கு அனுப்பினார்கள். அதில் மைக்கின் ரத்தமும் போயிற்று. மறுநாள் மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

அக்கா போனை எடுத்து அந்த லேப்காரனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "என்னய்யா மெஷின் வச்சிருக்கீங்க? குழாய மாத்திப் போட்டுட்டு நம்பர் அனுப்புறீங்களா?" அவன் பொறுமையாக, இரண்டு முறை ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினோம் என்றான். அதற்குள் இங்கே மெஷினும் சரியாகிவிட்டது. மிச்சமிருந்த ரத்தத்தை அவளே வைத்தாள். ஏழு. மறுபடி வைத்தாள். ஏழு. அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் ஒரே குழாயின் ரத்தத்துக்கு இரண்டு நம்பர் இருக்க முடியுமா? இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பத்தான் பயமாக இருந்தது.

மெஷினைப் பழுது பார்க்க வந்தவன் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் மெஷினின் பக்கவாட்டைக் காட்டினான். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'முடி, நகம் வளர வைட்டமின் சாப்பிடுபவர்கள் மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கவும்.' அக்காவின் கையெழுத்து. நாலு வருடத்துக்கு முன்னால் மெஷின் வந்த அன்று அவளே எழுதி அவளே ஒட்டியது.

"அந்த மாத்திரை ரத்தத்துல இருந்தா நம்ம மெஷினுக்குக் கண்ண கட்டிடும், மேடம். இருக்கிறது அதுக்குத் தெரியாது. கம்மியாவே காட்டும். அந்த லேப் மெஷின் வேற மாதிரி, அது ஏமாறாது" என்றான். பிறகு, "பேஷண்ட்கிட்ட கேட்டீங்களா?" என்றான்.

அக்கா மைக்கின் சீட்டை எடுத்து, மூன்று கட்டத்திலும் ஓடிய அந்த ஒரே கோட்டைப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். மைக் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே அக்கா கேட்டாள்: "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

மைக்கின் முகம் திருடிய பிள்ளையின் முகம் மாதிரி ஆயிற்று. பிறகு சிரித்துவிட்டாள். "யாரு போட்டுக் குடுத்தா? அவரா? அந்த மனுஷனுக்கு வாயில ஒண்ணும் நிக்காது." உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தாள். "பியூட்டி பார்லர் பொண்ணு குடுத்துச்சு. காலையில ரெண்டு. நீ திட்டுவேன்னுதான் சொல்லல. எதுக்கெடுத்தாலும் குப்பை மாத்திரைய திங்காதன்னு கத்துவியே. அதுக்கென்ன இப்ப? நல்லாத்தானே வளருது?" என்று தலையைக் குனிந்து முடியைக் காட்டினாள்.

அக்கா சொன்னாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், தாள், ஒரே கோடாகப் போட்ட மூன்று கட்டம், இருநூற்றுப் பன்னிரண்டு.

மைக் மடித்த துணியை எடுத்து உதறி, திரும்பவும் மடித்தாள். பிறகு, "அப்ப அந்தப் பன்னெண்டு, ஒன்பதெல்லாம்?" என்றாள்.

"எல்லாம் பொய்டி."

"காலண்டர்ல எழுதி வச்சிருக்காரே" என்றாள் மைக்.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் நீர் கோத்திருந்தது. கட்டி ஓரிடத்தில் இல்லை, இறைத்து விட்டதுபோலப் பல இடங்களில் இருந்தது. மருந்தை மறுபடி தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் மாத்திரையை மூன்று நாள் நிறுத்திவிட்டுச் சரியான நம்பர் ஒன்று வேண்டும் என்றார் டாக்டர். மைக்கை வெளியே உட்காரவைத்துவிட்டு அக்கா மட்டும் உள்ளே போய்க் கேட்டாள்.

"அஞ்சு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, சார்?"

"யாராலயும் சொல்ல முடியாதும்மா. வித்தியாசம் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்."

"இப்ப எவ்வளவு நாள்?"

அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். "வருஷக் கணக்குல பேச வேண்டாம்" என்றார். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பாவி மனுஷன், அதையும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் மைக் லேபுக்கே வந்துவிட்டாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலை டிரைவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வீட்டுக்கு நானே வந்திருப்பேனே" என்று அக்கா ரப்பர் பட்டையை எடுத்தாள்.

மைக் கையை இழுத்துக்கொண்டாள். "கேளு."

"என்னடி?"

"எல்லார்கிட்டயும் கேக்குறத என்கிட்டயும் கேளு."

அக்கா சீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டியா?"

"ரெண்டு வாய்."

"வேற என்ன மாத்திரை?"

வாந்திக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று மைக் சொன்னாள். அக்கா எழுதினாள். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றது. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் கேட்கிற கேள்வி. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்த நாற்காலிக்கு முன்னால் போலீசம்மா அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டேன்" என்றாள் மைக், கேட்காத கேள்விக்கு. "அஞ்சு மாசமா சாப்பிட்டேன். உனக்குப் பயந்து மறைச்சேன். இப்ப நிறுத்திட்டேன். எழுதிக்கோ."

அக்கா எழுதினாள். நரம்பு கிடைக்க இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. மைக் குமட்டலை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டபோது சொன்னாள்.

"நம்பர் வந்ததும் நீயே வந்து சொல்லு. எவ்வளவா இருந்தாலும் சொல்லு. படுத்துத் தூங்குன்னு மட்டும் சொல்லாதக்கா."

மெஷினுக்குப் பதினெட்டு நிமிடம் வேண்டும். குழாயை உள்ளே வைத்துவிட்டு வந்து, அந்தப் பதினெட்டு நிமிடமும் அக்கா வெளியே பெஞ்சில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.