கோதுமைச் செம்மல் கூரைக்குப் போன விவரம்

இரண்டாயிரத்து இருபத்துமூன்று நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, மாங்கோட்டுவிளை சபை மண்டபத்தில் முந்நூற்றுப் பதினெட்டு கோதுமை பிஸ்கட்டுகள் தட்டிலிருந்து எழும்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. அன்றைக்கு வடசேரிச் சந்தையில் ஏத்தன் வாழைக்குலை கிலோ நாற்பத்தைந்து, தேங்காய் முப்பத்திரண்டு. பிஸ்கட்டுகளுக்குப் பின்னால், பத்து நிமிடம் தாமதமாக, அவற்றைச் செய்ததாகச் சொல்லிக்கொண்ட டாக்டர் ஞானதாசனும் போனார். எங்கேயும் கொஞ்சம் தாமதமாகப் போவதுதான் பிரமுகருக்கு அழகு என்பது அவர் கொள்கை.

ஞானதாசன் வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அதில் கடைசி ஆறு வருஷம் தலைமையாசிரியர். என்ன பாடம் நடத்தினார் என்பதில் பழைய மாணவர்களுக்குள் இன்றைக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஏதோ ஒரு தீவின் பெயரைச் சூட்டிக்கொண்ட சர்வகலாசாலை ஒன்று, ஒரு விடுதியின் கல்யாண அரங்கில் வைத்து அவருக்கும் இன்னும் அறுபத்தெட்டு பேருக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. மதியச் சாப்பாடும் உண்டு. திரும்பி வந்தவர் வாசல் கல்வெட்டை மாற்றினார், விசிட்டிங் கார்டை மாற்றினார், கேஸ் புத்தகத்தில் பேரை மாற்றினார். பிறகு மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் அடுக்களைக்குள் நுழைந்தார்.

அங்கேதான் அவர் மனைவி ஜெயபாய் இருந்தாள். மகன் ஜெனின் ஷார்ஜாவிலிருந்து சுமந்துவந்த மின்சார அடுப்பில் அவள் பல வருஷமாகக் காரக் கோதுமை பிஸ்கட் சுட்டுவந்தாள். சம்பா கோதுமையைக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்துத் திரிப்பாள். மாவோடு வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, உப்பும் ஓமமும் இடித்த நல்லமிளகும் பொடியாக அரிந்த கறிவேப்பிலையும் போட்டு, குளிர்ந்த மோர் தெளித்துப் பிசைவாள். அரைமணி நேரம் மூடிவைத்து, மெல்லிசாகப் பரத்தி, தம்ளர் வாயால் வட்டம் வெட்டி, ஒவ்வொன்றிலும் முள்கரண்டியால் மூன்று குத்து. அவ்வளவுதான் வித்தை. கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டு பிந்து அந்தச் சத்தம் கேட்டுத்தான் தேத்தண்ணீர் போடுவாள்.

கணவர் உள்ளே வந்தபிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை, பிரசங்கம்தான் கேட்டது. மாவை எந்தத் திசையில் பிசையவேண்டும், ஓமத்தின் லத்தீன் பெயர் என்ன, நார்ச்சத்து குறித்து மேல்நாட்டில் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் அவர் விளக்கினார். வெண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தினமும் அவளிடம் கேட்டார். "இதை முதலிலிருந்து நானே செய்கிறேன்" என்று வருகிறவர்களிடம் சொன்னார். முதல் என்பது அவரைப் பொறுத்தவரை விசிட்டிங் கார்டு. ஜெயபாய்க்கு நகை வேண்டாம், பேர் வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். அடுக்களை திரும்பக் கிடைத்தால் போதும். ராத்திரி ஜெபத்தில் இதை மட்டும் தனியாகக் கேட்டாள்.

"கேட்டியளா, வராந்தாவுல காத்து நல்லா அடிக்கி. அங்க போயிருந்து பேப்பர் படியுங்க" என்பாள்.

"ஏட்டி, நான் போயிட்டா இஞ்ச ஆராய்ச்சிய ஆரு பாப்பா?"

"அடுப்பு பாக்கும்."

ஆராய்ச்சி முற்றி, அறிமுக விழா என்று ஒன்று நிச்சயமானது. நாலு முக்குகளில் பிளக்ஸ் பலகை வைத்தார்கள். அதில் அவருக்குக் 'கோதுமைச் செம்மல்' என்று ஒரு பட்டம் இருந்தது. கொடுத்தவர் பெயர் இல்லை. கோட்டாற்றில் ஒரு தச்சனைப் பிடித்து, பிஸ்கட்டில் அழுத்த மர அச்சு செய்து வாங்கினார். 'டாக்டர் மா. ஞானதாசன், எம்.ஏ., பி.எட்., எம்.பில்., கோதுமைச் செம்மல்' என்று தம்ளர் வாய் அகலத்துக்குள் தச்சன் எப்படியோ அடக்கிவிட்டான். ஆனால் அந்த எழுத்துகளுக்கு நடுவே ஊசி இறங்கவும் இடமில்லை. ஜெயபாய் முள்கரண்டியை எடுத்தபோது எம்.பில். மேல்தான் குத்தவேண்டியிருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தார்.

"குத்தாட்டா பொங்கும், பாத்துக்கிடுங்க" என்றாள் ஜெயபாய்.

"பொங்கட்டும். எனக்க பட்டத்துல ஓட்ட போட எவளுக்கு அதிகாரம்?"

"அப்பம் பட்டத்த எடுங்க. பிஸ்கட்டுக்கு ஓட்ட வேணும்."

அவர் முள்கரண்டியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். அவர் சொன்னபடியே அவள் சுட்டாள். சூடு ஏறியதும் பிஸ்கட்டுகள் பூரியாக உப்பி அடுப்புக் கதவைத் தள்ளின. அம்மிக் குழவியை நாற்காலியில் ஏற்றிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். வெந்ததை டின்னில் போட்டு மூடியபோது மூடி எழும்பியது. கயிறு போட்டுக் கட்டினாள். "நல்ல லேசா வந்திருக்கு" என்று ஞானதாசன் திருப்திப்பட்டார்.

விழாவில் பொன்னாடை மட்டும் ஒன்றரை மணி நேரம் நடந்தது. மேடையில் இருந்த பதினான்கு பேரும் ஒருவருக்கொருவர் போர்த்தினார்கள். ஆள் தீர்ந்தபின் ஒலிபெருக்கிக்காரனுக்கும் போர்த்தினார்கள். அதன்பிறகு போதகர் தட்டின் மேல் கிடந்த ஜரிகைத் துணியை நீக்கினார். பிஸ்கட்டுகள் போயின. மேடைக்காரர்கள் கையில் அகப்பட்டதைப் பிடித்து, மரியாதை கருதி உடனே தின்றார்கள். தின்றதும் அவரவர் தகுதிப்படி எழும்பினார்கள். வார்டு உறுப்பினர் இரண்டு விரற்கடை. ஒரு கல்லூரியின் தாளாளர் முழங்கால் உயரம். போதகரின் அங்கி நீளமானதால் அவர் எவ்வளவு எழும்பினார் என்பது இன்றுவரை பதிவாகவில்லை. மணியடிக்கிற ரசலையன் மட்டும் கம்பு வைத்துத் தட்டிப் பதினொன்று தின்றும் தரையில்தான் நின்றான். இன்னும் உண்டா என்று கேட்டான். ஞானதாசன் நன்றியுரையை முடித்து, நாலு பிஸ்கட்டை ஒன்றாக வாயில் போட்டு, கும்பிட்ட கையோடு நேரே கூரைக்குப் போனார். கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சி நிரலில் அதுவும் உண்டு என்று நினைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பெரும்பாலோருக்கு வீட்டிலிருந்து மனைவியின் போன் வந்ததும் கால் தரையில் பட்டது. தாளாளரைச் சம்பளம் கிடைக்காத வாத்தியார் ஒருவர் பேர் சொல்லி அழைத்தார்; மனிதர் தொப்பென்று விழுந்தார். ஜெயபாய் பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு ஏறி, கணவரின் பையிலிருந்து முள்கரண்டியை மீட்டு, கூரையில் ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகக் குத்தினாள். சைக்கிள் டியூப் போல உஸ்ஸென்று சப்பிக் கீழே விழுந்தன. மண்டபம் முழுக்கப் புதுப் பிளக்ஸ் பலகை வாடை அடித்தது. ஞானதாசன் மட்டும் இறங்கவில்லை. தனக்கு உரிய இடத்துக்கு வந்தவன் எதற்காக இறங்கவேண்டும் என்று அவர் கேட்டார்.

பொன்னாடைகளை முடிந்து அவர் கணுக்காலில் கட்டி, ரசலையன் அவரைப் பட்டம்போல வீட்டுக்கு இழுத்துவந்தான். வழியில் மின்கம்பியைக் கண்டு, "சாரே, தலைய கொஞ்சம் தாத்துங்க" என்று கெஞ்சினான். சார் தாழ்த்தவில்லை. ரசலையன்தான் தோப்பு வழியாகச் சுற்றினான். மறுநாள் வந்த வைத்தியர் ஏணியில் ஏறி ஊசியால் கால் பெருவிரலில் குத்திப் பார்த்தார். ரத்தம் வரவில்லை, வரவேற்புரை வந்தது. இருபது நிமிடம் வந்தபின்பும் அவர் குறையவில்லை, ஒரு சாண் கூடத்தான் செய்தார். வைத்தியர் பீஸ் வாங்காமல் போனார்.

முதல் வாரம் ஜெயபாய் உண்மையாகவே அழுதாள். துறட்டிக் கம்பில் தூக்குவாளி மாட்டிக் கஞ்சி ஏற்றினாள். முன்னறை மின்விசிறியைக் கழற்றிவிட்டாள். இரண்டாம் வாரம் ஒன்றைக் கவனித்தாள். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள வாசல் ஏழடி. அதற்குமேல் கூரைவரை சுவர். கூரையோடு ஒட்டிக் கிடக்கிறவர் அடுக்களைக்குள் வரவேண்டுமானால் நாலடி இறங்கித் தலைகுனிய வேண்டும். அவர் ஜாதகத்தில் அது கிடையாது. அன்றைக்கு அவள் மாவு பிசைந்தாள். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிந்து கத்தினாள்: "யக்கா, சத்தம் கேட்டு! தேத்தண்ணி போட்டாச்சு, வரட்டா?"

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மாங்கோட்டுவிளை அதிகம் பேசவில்லை. பேசுவதற்கு ரப்பர் விலை இருந்தது. டிசம்பரில் சபையார் வந்து அவரை இழுத்துப்போய் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஏணி மிச்சம். அதற்கும் ஒரு பொன்னாடை உண்டு என்பதால் அவரும் மறுப்பதில்லை. ஜெயபாயின் பிஸ்கட்டைக் களியக்காவிளை வரை கடைக்காரர்கள் கேட்டார்கள். கடைக்குக் கொடுக்க அரசாங்க அனுமதி வேண்டும் என்றார்கள். அவள் மனுப் போட்டாள். சோதனைக்கு அபிதா என்ற இளம் அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வந்தாள்.

முன்னறையில் கால் வைத்ததும் மேலிருந்து குரல் வந்தது. "இந்தத் தயாரிப்பின் நிறுவனர், டாக்டர் ஞானதாசன், எம்.ஏ., பி.எட்., எம்.பில். பாரத்தில் என் பேரை எழுதுக." அபிதா நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலையில் அவள் பார்க்காததில்லை. உளுந்த வடையில் சிம் கார்டு எடுத்தவள்.

"எழுதலாம் சார். கீழ வந்து கையெழுத்துப் போடுங்க."

"பாரத்தை மேலே அனுப்புங்கள்."

"மேல அனுப்பினா ஆறு மாசம் ஆகும் சார். எங்க ஆபீஸ்ல அதான் வழக்கம்."

ஞானதாசன் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். மாவு டின்னைத் திறந்து மோந்தாள், அடுப்பைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், ஒரு பிஸ்கட்டை ஒடித்து வாயில் போட்டாள். தயாரிப்பவர் பெயர் என்ற இடத்தில் ஜெயபாய் என்று எழுதினாள். பட்டம் உண்டா என்று கேட்கவில்லை. கடைசியாக ஒரு கேள்வியை வாய்விட்டு வாசித்தாள்: "தயாரிக்கும் இடத்தில் வேலைக்குச் சம்பந்தம் இல்லாதவர்களின் நடமாட்டம் உண்டா?"

உண்டு என்று எழுதிவிட்டால் அனுமதி போச்சு. பொய் சொல்லவும் ஜெயபாய்க்கு வராது. "மக்கா, அவரு அந்தால அந்தச் சொவருக்கு அங்க, மேல..." என்று ஆரம்பித்தாள்.

அபிதா வாசலில் நின்று முன்னறைக் கூரையை இன்னொரு தடவை பார்த்தாள். கோதுமைச் செம்மல் அங்கே மல்லாந்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, யாரோ போட்டோ எடுப்பதுபோல அசையாமல் மிதந்தார்.

"இவரு நடக்கவே இல்லியேம்மா" என்று சொல்லி, 'நடமாட்டம் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினாள்.