மியூசியம் மாட்டிய பிரேக் கட்டை

என் கணவரின் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் மியூசியம். கூடத்துச் சுவர் முழுக்க ஆணியடித்துப் பழைய சைக்கிள்களை மாட்டி வைத்திருக்கிறார். ஒன்றையும் ஓட்டியதில்லை, துடைப்பதோடு சரி. துடைத்து முடித்தால் ஊரையே கட்டி ஆண்ட களைப்பு முகத்தில் தெரியும்.

கடைசியில் அவர் கண் என் பழைய சைக்கிள் மேல் விழுந்தது. எனக்குப் பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. அந்தச் சைக்கிளை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

"இது கிளாசிக்மா. எங்க பழைய சைக்கிள் சங்கத்துல சான்றிதழ் வாங்கிட்டா சுவத்துல ஏத்திடலாம்."

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது மாமா?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுதானே!"

என் கணவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அண்ணன் எதிரில் அவருக்கு வாயே கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மியூசியம் அதோடு விடவில்லை. நான் போட்டிருந்த புது பிரேக் கட்டைகளைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார். சைக்கிளின் வயதே உள்ள கட்டைகளை எங்கேயோ தேடிப் பிடித்து மாட்டினார். எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டுமாம். தொட்டுப் பார்த்தேன், ரப்பர் கருங்கல்லாகக் காய்ந்திருந்தது. சொன்னேன்.

"உனக்கென்னமா தெரியும்?"

சரி, எனக்கென்ன தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் பூதக்கண்ணாடியோடு வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வயசானா வின்டேஜ், அவ்வளவுதான். இன்னிக்கும் நம்பி ஏறிப் போக முடியணும், அதான் கிளாசிக். வண்டி யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் மியூசியம், கூசாமல்.

"அப்ப நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

எங்கள் தெரு நல்ல இறக்கம். மியூசியம் பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். பிரேக் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே சாக்கடைக்குள் போய் விழுந்தார்.

தலைவர் பதறி ஓடினார். "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பார்த்துவிட்டு, "வெறும் வின்டேஜ்தான்," என்று உதட்டைப் பிதுக்கினார்.

மியூசியத்தின் கணுக்கால் வீங்கிவிட்டது. நான் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரை நேராக்கினேன். குப்பையைக் கிளறி என் பிரேக் கட்டைகளை எடுத்து மாட்டினேன். மியூசியத்தைக் கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது.

தலைவர் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். "நில்லுங்கம்மா! இது கிளாசிக்தான்!"

"நிறுத்துமா, தலைவர் கூப்பிடறாரு," என்று மியூசியம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார்.

"உங்களுக்கு அடிபட்டிருக்கு மாமா. பேசாம புடிச்சுக்கிட்டு வாங்க," என்று இன்னும் வேகமாக மிதித்தேன்.