முப்பத்தேழு தடவை

மனைவி தங்கம்மாள் குளிக்கப் போன நேரம் பார்த்து இளையபெருமாள் அவளுடைய போனை எடுத்து, அதனிடம் பொய் சொன்னார்.

"நெஞ்சு வலிக்குது. ரொம்ப வலிக்குது."

எப்படிச் செய்வது என்று தெரியும். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு பொம்பளை உருவம் வரும், வலிக்கிற இடத்தில் விரலை வைக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே செய்தது என்று சொல்லித்தான் தஞ்சாவூர் டாக்டரம்மா ஷைலஜா அதைப் போனில் போட்டுக் கொடுத்தார். இளையபெருமாளுக்கு அப்போதே பிடிக்கவில்லை. போன வருஷம் கொள்முதலுக்குப் போனபோது ஒரே மூட்டை நெல்லுக்கு ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்று பதினேழு என்றது, இன்னொன்று பத்தொன்பது என்றது. கையில் அள்ளி வாயில் போட்டுக் கடித்தால் அவருக்கே தெரியும். ஆனால் அவர் பல்லை யார் கேட்கிறார்கள்? நெல்லின் ஈரத்தையே சரியாகச் சொல்லத் தெரியாத மிஷினா நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லப் போகிறது?

அதுகூடப் பரவாயில்லை. முந்தாநாள் தங்கம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பத்து நாளைக்குக் குனிஞ்சு வேலை பாக்கக் கூடாதாம்" என்றாள். யார் சொன்னது என்றால் போனைக் காட்டுகிறாள். நாளைக்கு நடவு. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது, முறை மாறினால் அடுத்த வாரம்வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் கேட்டு ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள், பத்தாவது தங்கம்மாள். அவளைத்தான் இந்தச் சனியன் குனியாதே என்கிறது. அதன் சாயம் வெளுக்கட்டும் என்றுதான் இன்று கையிலெடுத்தார்.

போன் பதற்றமே இல்லாமல் பேசியது.

"தங்கம்மாள், உட்காருங்க. நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை கையில இருக்கா?"

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்" என்று அவரை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. சட்டென்று போனை டிவி மேல் வைத்துவிட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனார்.

தழையைக் கட்டுவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மலர்க்கொடி. வீடு வீடாகச் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டு வருகிற பெண். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். சுடிதார் முழங்கால்வரை சேறு. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"பெரியம்மா எங்க? பெரியம்மா!"

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கொல்லையிலிருந்து வந்த தங்கம்மாளைப் பிடித்து உட்கார வைத்து, மணிக்கட்டில் விரலை அழுத்தினாள். தங்கம்மாள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"என் போனுக்கு வலின்னு வந்திருக்கே? மாத்திரை இருக்கான்னு அது கேட்டா பதிலே இல்ல. யாரு பேசினது?"

இளையபெருமாள் தழைக்கட்டைக் கீழே போட்டார். "நான்தான். வேல செய்யுதான்னு பாத்தேன்."

மலர்க்கொடி மூச்சு வாங்கிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "செஞ்சுச்சா?"

அவர் சிதறிய தழையைக் காலால் ஒதுக்கினார்.

"கீழத்தெருவுல ஷம்சாத் பாட்டிக்குச் சுகர் பாத்துக்கிட்டிருந்தேன் பெரியப்பா. அந்தம்மா விரல நீட்டினபடி இன்னும் உக்காந்திருக்கும். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நூத்தியெட்டுக்குச் சொல்லியிருப்பேன்."

"இவளுக்கு ஒரு தடவ மயக்கமா வந்துச்சு. தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனோம். நெஞ்சு ரத்தக்குழாயெல்லாம் சுத்தமா இருக்குன்னுதானே சொன்னாங்க? அதுக்கு இத்தன ஆர்ப்பாட்டமா?"

"பெரிய குழாய் சுத்தம். முடி மாதிரி சின்னச் சின்னக் குழாய் இருக்கு, அதுதான் சுருங்குது. ஆத்துல தண்ணி போவுது பெரியப்பா, வயலுக்கு ஏறல. பொம்பளைங்களுக்கு இது நெறைய. நெஞ்சுலதான் வலிக்கும்னு இல்ல, தாடையில வரும், முதுகுல வரும்." சட்டென்று நிறுத்தினாள். "ஒரு தடவன்னா சொன்னீங்க?"

அவள் தங்கம்மாளைப் பார்த்தாள். தங்கம்மாள் துண்டை அவிழ்த்து முடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "போட்டுக் காட்டுடி" என்றாள். "கேக்கட்டும்."

"இந்த மாசம் மட்டும் முப்பத்தேழு தடவ" என்றாள் மலர்க்கொடி.

சேர்த்து வைத்திருந்த பேச்சை அவள் தட்ட, போனிலிருந்து தங்கம்மாளின் குரல் வந்தது. எதிரே தங்கம்மாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் குரல் மட்டும் தனியாக வந்தது.

"பால் பீச்சறப்ப வந்துச்சு. தாடைய இழுக்குது. பல்லு வலி மாதிரி, ஆனா பல்லு இல்ல."

"அவரு சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. மோர் ஊத்திட்டு வந்து சொல்றேன்."

"தோள்பட்டைக்கு நடுவுல யாரோ முழங்கால வச்சு அழுத்தற மாதிரி இருக்கு. எத்தன மார்க்கா? பத்துக்கா? ஆறு போட்டுக்க. புள்ள பெத்தது பத்து."

அவர் சுவரில் சாய்ந்தார். ஓமத்தண்ணியும் சோடாவும் வாங்கிக் கொடுத்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. வாயு, வாயு என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பார்!

அடுத்ததில் தண்ணீர்ச் சத்தம். பெண்கள் சிரிக்கிறார்கள். இருவரும் கூலிக்குப் போன ஜெக்கரியா வயல் நடவு, அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் செருகியிருந்த போன், பத்து மணிக்குத் தானாகவே கேட்டிருக்கிறது.

"இப்ப எப்படி இருக்கு, தங்கம்மாள்?"

"இருக்கு. முதுகுல." குனிந்தபடி பேசுகிறவளின் நெரிந்த குரல். "நடவுல நிக்கிறேன்."

"வேலையை நிறுத்தி உட்கார முடியுமா?"

"நடுவுல நான் ஒருத்தி நிமிந்தா வரிசை கோணிக்கும். கரை வந்ததும் உக்காரறேன். இன்னும் எட்டு மொழம்தான்."

அந்த மூச்சுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு ஆம்பளைக் குரல் கத்தியது: "ஏய் தங்கம்! கை என்ன தூங்குதா?"

வரப்பில் நின்று நாற்று முடியை வீசிக்கொண்டிருந்தவரின் குரல். அவருடைய சொந்தக் குரல்தான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அதுவும் இருந்தது.

மலர்க்கொடி போனை அணைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். இளையபெருமாள் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையின் நிறத்தை வைத்து எந்த மூலையில் தண்ணீர் ஏறவில்லை என்று வரப்பிலிருந்தே சொல்லிவிடுகிற கண்கள் அவருக்கு. நாற்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் ஒன்றும் தெரியவில்லை. எட்டு முழம். இத்தனையையும் முதுகில் வைத்துக்கொண்டு எட்டு முழம் பின்னோக்கியே நடந்திருக்கிறாள், நாற்று ஒன்றுகூடச் சாயாமல். கோயிலில் தேரை முதல்முதலாகப் பார்த்த சின்னப்பிள்ளை மாதிரி அவருக்குக் கழுத்தின் பின்னால் சிலிர்த்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, தங்கம்மாள் உலை வைக்கப் போனாள்.

மறுநாள் நடவில் பத்தாவது ஆளாக இளையபெருமாள் இறங்கினார். அந்தப் பக்கத்தில் எந்த ஆம்பளையும் நடவு வரிசையில் நின்றதில்லை. நாற்று பறிப்பான், சுமப்பான், வீசுவான், நட மாட்டான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்ற குந்தவைதான் ஆரம்பித்தாள்.

"மாமா, வேட்டிய இறுக்கிக் கட்டிக்குங்க. குனிஞ்சா திருவையாறு வரைக்கும் தெரியும்."

"வேலையப் பாருடி."

"நீங்க பாருங்க. நடச் சொன்னா புதைக்கிறீங்க."

முதல் பத்து நிமிஷத்திலேயே இடுப்பு இற்றுவிடும்போல் ஆனது. விரல் மண்ணுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. நாற்று மிதந்து வந்து அவர் காலையே சுற்றியது. குந்தவை முணுமுணுத்துக்கொண்டே அவர் விட்டதையும் சேர்த்து நட்டாள். வரப்பில் வேம்பு நிழலில் தங்கம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை, நாற்றுமுடி கட்டுகிற நாரைத் திரித்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குப் போன் பேசியது. காற்றில்லாததால் வயல் முழுக்கக் கேட்டது.

"தங்கம்மாள், இப்ப எப்படி இருக்கு?"

ஒன்பது பெண்களின் கையும் தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"லேசா இருக்கு" என்றாள் தங்கம்மாள். "ரெண்டு. தாடையில மட்டும்."

"எப்போ ஆரம்பிச்சது?"

அவள் சொல்லத் தொடங்கினாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. யாரும் அசையவில்லை. அவள் முடித்ததும், காலையிலிருந்து வாய் ஓயாத குந்தவை, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு முதுகுல வருது. இந்த எடத்துல. அதையும் அதுகிட்ட சொல்லலாமா?"

இளையபெருமாள் தலையைத் தூக்கத் துணியவில்லை. அவர் கையில் ஒரு நாற்று நடப்படாமல் நின்றது. அதன் வேரிலிருந்து சேறு சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வட்டம் விரிந்து, வரிசையில் நின்ற பெண்களின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.