பத்தொன்பது எண்ணிக்கை

2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த வின்ஸ்டன், ஒத்திகைக்கு முன்னால் எப்போதும் செய்வதுபோல் தன் டெனர் சாக்ஸபோனுக்குள் ஒலியெழாமல் ஒரு நீண்ட மூச்சை ஊதினார். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கி நிற்கும். உள்ளே வெதுவெதுப்பு ஏறினால்தான் மற்றவற்றோடு சேரும். ஊதிவிட்டு அதைத் தாங்கியில் நிறுத்தினார். காப்பிக்குப் பால் இல்லை என்று மனைவி சொன்னாள். "ஒரு பாக்கெட் வாங்கியாறேன் கிளா. அதுக்குள்ள ஆறிப்போகாது" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பால் பூத் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. டெனர் சாக்ஸபோன் அன்றிலிருந்து ஆறவில்லை. அந்த மனைவி நான், கிளாடிஸ்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று அதைத் தொட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் முதுகுபோல் இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே இருந்தது. எங்கள் நாலு பேர் சாக்ஸபோன் குழுவில் எல்லாவற்றிலும் சிறிய சோப்ரானோவை ஊதும் பூஜிதா, ஆர்.எஸ்.புரத்தில் பல் மருத்துவர். கிளினிக்கிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து குழலின் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். 98.4. சித்திரையில் தகரக் கூரை காயும்போதும் அதே 98.4, ஐப்பசி மழையில் சுவர் நனைந்து நிற்கும்போதும் அதே. ஊதுகட்டையில் அவருடைய மேல்பற்கள் பதிந்திருந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்து, "அந்த எடது பல்ல அடைக்கோணும்னு சொன்னேனுங்க ஆன்ட்டி. கிராம்ப வெச்சே காலத்த ஓட்டிட்டாரு" என்றாள். போதகர் வந்தார், தொட்டுப் பார்த்தார், ஜெபித்தார், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். அதற்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ராசாத்தாள்தான். மார்கழியில் மாவு பொங்காமல் இட்லி கல்லாகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மாவுப் போசியோடு வாசலில் நின்று, "ஏனுங்க டீச்சரு, உங்க ஊட்டுக்காரருகிட்ட இதக் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். விடிகாலை வெள்ளாப்பில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தை பிறப்பதற்குள் எங்கள் வீதியில் நாலு வீட்டு மாவு அங்கேதான் பொங்கியது.

நாலு சாக்ஸபோன்களுக்கு வின்ஸ்டன் இசையைப் பிரித்து எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். சோப்ரானோவில் பூஜிதா, ஆல்டோவில் லேத் பட்டறை கதிர்வேல், டெனரில் அவர், எல்லாவற்றிலும் பெரிய பாரிட்டோனில், மிஷன் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் நடத்திய நான். ஒரு மெட்டைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் மூச்சை அளப்பார். எங்களை உட்காரவைத்து அன்றைய செய்தித்தாளை ஒரே மூச்சில் உரக்க வாசிக்கச் சொல்லி, தொடையில் தட்டிக்கொண்டே எண்ணுவார். எனக்குப் பத்தொன்பது. வகுப்பறையில் கத்தி வளர்த்த நெஞ்சு என்றார். பூஜிதாவுக்குப் பதினைந்து. இரும்புத் தூசு தின்ற கதிர்வேலுக்குப் பதினொன்று. அவருக்குப் பதினேழு. அந்த எண்களுக்குள்தான் எல்லாவற்றையும் எழுதினார். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் நுழைவார். கேட்பவருக்கு இடைவெளியே தெரியாது. ஆலயத்துப் பாடகர் குழுவின் கோரலோ, அமெரிக்க ஜாஸின் சோம்பல் நடையோ, கர்நாடக வர்ணமோ, வெள்ளகோவில் பக்கத்துக் கும்மியோ, எதுவானாலும் எங்கள் நாலு பேரின் நெஞ்சளவுக்கு வெட்டித் தைத்துத்தான் தருவார். தாளின் தலையில் வாத்தியத்தின் பெயர் இராது, ஆளின் பெயர் இருக்கும். ஓரத்தில் பென்சிலில், "கதிரு, இங்க இழுத்துக்க" என்றும், "கிளா, இன்னும் இருக்குது, உடு" என்றும் எழுதியிருப்பார்.

அதனால் அவர் போனபின் குழு நின்றுவிட்டது. டெனரை யாரும் ஊத நான் விடவில்லை. உள்ளே வேறொரு மூச்சு போனால் அவருடையது வெளியே போய்விடும் என்று நினைத்தேன். இதை நான் யாருக்கும் விளக்கவில்லை. ஒருமுறை கதிர்வேல் திருப்பூர் பேண்டிலிருந்து பொங்கியண்ணன் என்பவரை அவருடைய சொந்த டெனரோடு கூட்டிவந்தார். பொங்கியண்ணன் முப்பத்தொன்று எண்ணும்வரை முகம் மாறாமல் ஊதுவார். மற்றவர்கள் மூச்சு வாங்கவேண்டிய இடங்களிலும் நிற்காமல் அவர் இழுத்துக்கொண்டு போக, எங்களுக்கு மூச்சு வாங்க நேரமே இல்லை. மூன்றாவது பாட்டில் கதிர்வேல் எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்துக்கொண்டு, "அண்ணன் நல்லாத்தான் ஊதறாருங்க. நாமதான் செத்துப்போயிருவோம்" என்றார். பொங்கியண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "இது ஊட்டுக்குள்ள பேசிக்கறாப்புல எழுதியிருக்குதுங்கம்மா. வெளியாளு நடுவுல பூர முடியாது" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. 2025 தை மாதத்துக்கு வெள்ளகோவிலில் கதிர்வேலின் மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். அவள் கல்லூரியில் சேர்ந்த வருடமே வின்ஸ்டன் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: கல்யாணத்தன்று அவள் ஊர்க் கும்மியை நாலு சாக்ஸபோனில் ஊதுவது. தாள்கள் இருந்தன. ஆனால் அவர் முடிக்கவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாரிட்டோன் தாள் முடிவுக்குப் பன்னிரண்டு தாளக்கட்டுகள் முன்னாலேயே நின்றுவிட்டது. டெனர் தாளிலோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இருந்தவரைக்கும் ஊதலாம், டெனரைக் கொடுங்கள், அந்த இடங்களை நிரப்ப ஆள் பார்க்கிறேன் என்று கதிர்வேல் கேட்டார். முடியாது என்றேன். "மாவு பொங்கறதுக்குக் குடுப்பீங்க, எம்புள்ள கல்யாணத்துக்குக் குடுக்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார். கேட்டபின் அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பூஜிதா வந்து நாலு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பரப்பினாள். எக்ஸ்ரே பார்க்கிற கண்ணோடு கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆன்ட்டி, இது முடியாம இல்லீங்க" என்றாள். என் தாளின் கடைசியில் நாங்கள் வெற்றிடம் என்று நினைத்த பன்னிரண்டு கட்டுகளிலும், ஊதாமல் இருக்கச் சொல்லும் ஓய்வுக்குறி மெலிதாகப் போட்டிருந்தது. டெனர் தாளிலும் தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓய்வுக்குறிகள். அவை எல்லாம் தாண்டியபின் ஒரே ஒரு சுரம், நீளமாக. அவள் எண்ணினாள். பத்தொன்பது. அந்தச் சுரத்தின் மேல் பென்சிலில் "கிளா" என்று எழுதியிருந்தது. பாரிட்டோனைக் கழுத்துவாரிலிருந்து கழற்றிக் கீழே வைத்து, டெனரை எடுத்து மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தோம். அந்த நடையில் சரியாகப் பன்னிரண்டு கட்டு.

பிறகு பழைய கோப்புகளையெல்லாம் நானே இறக்கினேன். 2018இல் எழுதியவற்றில் டெனரின் மிக நீண்ட மூச்சு பதினேழு. அடுத்த வருடம் பதினான்கு. அதற்கடுத்து ஒன்பது. 2021இல் நாலு. குறைந்துகொண்டே வந்த அந்த வருடங்களில் நான் அவரைத் திட்டியிருக்கிறேன். "எல்லாத்தையும் எங்க தலைல கட்டிப்போட்டு நீங்க மட்டும் சும்மா நிக்கறீங்களாக்கும்" என்றேன். "நடுவுல நிக்கறவன் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டாத்தான் கிளா நல்லாருக்கும்" என்றார். சோம்பேறி என்றேன். சிரித்தார். என்னிடம் வாய்திறந்து சொல்லாததையெல்லாம் அவர் தாளில் எழுதி வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான், அதை வாசிக்கவில்லை.

கதிர்வேலிடம் சரி என்றேன். ஆனால் ஒத்திகையில் அந்தச் சுரத்தை ஊதவில்லை. அந்த இடம் வரும்போது டெனரை மாட்டிக்கொண்டு, ஊதுகட்டையை உதட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்து, மனத்துக்குள் பத்தொன்பது எண்ணினேன். அதன் சூடு சேலையைத் தாண்டி நெஞ்சில் பட்டது. அதை இழக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டேதான் எண்ணினேன். அடுத்த மார்கழிக்கு வேறு இடம் பார்க்கவேண்டியிருக்கும் என்று ராசாத்தாளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவள் போசியைத் துடைத்துக்கொண்டே, "போனாப் போகுதுங்க டீச்சரு. இத்தன நாளு பொங்குச்சல்ல. புள்ளைக்கு ஊதிப்போட்டு வாங்க" என்றாள்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்குள் முடிந்தது. நாங்கள் மூவரும் மேடையோரம் நின்றோம், டெனர் தாங்கியில் நின்றது. மேலே பூஜிதாவிடம் கும்மி, அதன் கீழே கதிர்வேலிடம் ஆலயத்துக் கோரலின் சுரக்கூட்டு, அடியில் என்னிடம் ஜாஸின் ஆடி அசைந்த நடை. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் சண்டையில்லாமல் போயின. பின்வரிசையில் பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேர் எழுந்து அடியெடுத்தே வைத்துவிட்டார்கள். என் பன்னிரண்டு கட்டு வந்தது. பாரிட்டோனைக் கழற்றி வைத்தேன், டெனரை மாட்டினேன். இரண்டரை வருடமாகியும் ஊதுகட்டையின் நாணல் ரீடில் ஈரம் காய்ந்திருக்கவில்லை. ஊதினேன். முதலில் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது கிராம்பு வாசம். மாப்பிள்ளையின் அத்தை, யாருக்குப் பல்வலி என்று பக்கத்தில் கேட்டாள். பிறகு சுரம் வந்தது. மற்ற இருவரும் அவரவர் மூச்சு முடிந்து நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பதில் என் நெஞ்சு காலியானது. ஊதுகட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். சுரம் நிற்கவில்லை. இன்னும் நாலு எண்ணிக்கை ஒலித்தது, பேசி முடிக்கிறவர்போல் மெதுவாக இறங்கியது, நின்றது. கதிர்வேல் விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நாலில் அவர் விரல் நின்றது.

வீடியோ எடுக்க வந்தவர் அருகில் வந்து, "அம்மா, கார்டு மாத்திட்டிருந்தேனுங்க. அந்தக் கடைசிய இன்னொருக்கா ஊதறீங்களா?" என்று கேட்டார். கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது ஒருக்காத்தானுங்க கண்ணு. போய்ச் சாப்புடுங்க, எல போட்டாச்சு" என்றார். எல்லோரும் சாப்பிடப் போனோம்.

திரும்பும் வழியில் பெட்டி என் மடியில் இருந்தது. காங்கேயம் தாண்டும்வரை அதைத் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பார்க்காமலே எடுத்துத் தாங்கியில் நிறுத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் ராசாத்தாள் பழக்கத்தில் போசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதை அங்கேயே விட்டுவிட்டேன். காலையில் மாவு மூடியைத் தூக்கியிருந்தது. பூஜிதா தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, உதறி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். 98.4. இது யாருடைய மூச்சின் சூடு என்று அவள் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் டெனர் நான் ஊதுகிறேன். பாரிட்டோனுக்குத் திருப்பூரிலிருந்து பொங்கியண்ணன் வருகிறார். அவருடைய முப்பத்தொன்றை எங்களுக்குள் அடக்கி எழுதப் பூஜிதா கற்றுக்கொண்டாள், கதிர்வேல் வாசற்படிக்குப் போவதில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நான் டெனரைத் தாங்கியில் நிறுத்திவிட்டுப் பூத்துக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன். வரிசை நீளமாக இருந்தால் கால் மணி நேரம்கூட ஆகிறது. திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால், ஆறியிருப்பதில்லை.