முன்மொழிவோர் பத்துப் பேர்

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் கவுன்ட்டரில் அமர்ந்திருந்த தேர்தல் அலுவலர் நல்ல மனிதர். கெட்ட செய்தியையும் மெல்லிய குரலில் சொல்லத் தெரிந்தவர்.

"பத்து வாக்காளருங்க முன்மொழியணும். பத்துப் பேர் இருக்கு. ஆனா இந்த நாலும் ஒரே கையெழுத்தும்மா."

ஊசியக்கா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருபது ஆண்டுகளைக் கழித்தவளுக்கு இந்த வட்டாரம் வைத்த பெயர் அது. சித்தப்பா, சித்தி, அவர்கள் மகன், மருமகள் என்று நான்கு பெயர்கள்; நான்கின் முடிவிலும் அதே சுழி, அதே நீண்ட வால்.

"இன்னும் தாக்கல் ஆகலை. அதனால நான் எதையும் பார்க்கலை. ஒண்ணை வெச்சுக்கிட்டு மூணை அடிச்சிடறேன். புதுசா மூணு வாங்கிட்டு வாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள், நாலு மணிக்கு ஷட்டர் இறக்கிடுவோம்."

மணி ஒன்று பத்து.

குடியேறிய நாட்டில் பதினோரு ஆண்டுகளாக அவள் அரசியலில் அலைகிறாள். பள்ளிப் பெற்றோர் குழுவில் தொடங்கி, குடியிருப்போர் சங்கம் வழியாகக் கட்சிக்குள் நுழைந்தாள். கட்சி அவளைப் புகைப்படத்தில் முன்வரிசையிலும் கூட்டத்தில் கடைசி வரிசையிலும் உட்கார வைத்தது. இரண்டு தேர்தல்களில், "அடுத்த முறை கட்டாயம்" என்று தோளைத் தட்டியது. இம்முறை வேறு ஆள் கிடைக்காததால் நகரமன்ற வாய்ப்பு அவள் மடியில் வந்து விழுந்தது. அதுவும் இன்று நான்கு மணிக்கு நழுவிவிடப் பார்க்கிறது.

படியில் நின்றபடியே சித்தப்பாவை அழைத்தாள்.

"நான்தான் போட்டேன் பாப்பா. வீட்டுக்கு வீடு அலைய வேணாம்னு ஒரே மூச்சுல முடிச்சுட்டேன். மருமகளுக்கு மட்டும் கொஞ்சம் சாய்ச்சுப் போட்டேனே, கவனிச்சியா?"

"சித்தப்பா! அவங்கவங்க கையெழுத்தை அவங்கவங்கதான் போடணும்."

"பையனோட ரிப்போர்ட் கார்டுல அவங்க அம்மா கையெழுத்தை நான்தான் போட்டேன். பன்னெண்டு வருஷம் யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே!"

எறும்புகள் தானியம் சுமப்பதைக் கண்டு மனமிளகிய யானை ஒன்று, உதவி செய்ய எண்ணிப் புற்றையே தும்பிக்கையால் தூக்கிக்கொண்டு நடந்ததாம். யானையின் அன்பில் குறையில்லை. எறும்புகள்தான் வீடு தேடி அலைந்தன. ஊசியக்காவும் அந்த எறும்புகளைப் போலத்தான் கிளம்பினாள்.

சித்தப்பா மகன் வெளியூரில் வேலையாக இருந்தான். அவன் இடத்துக்கு முதலில் மளிகைக் கடைக்காரரிடம் போனாள். நம்மவர், வாரந்தோறும், "உனக்குத்தாம்மா என் ஓட்டு" என்று கல்லாவிலிருந்தே கூவுபவர். படிவத்தைக் கண்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஓட்டு ரகசியம்மா. இது பேரோட வெளிய ஒட்டுவாங்களே. எல்லாக் கட்சிக்காரனும் என்கிட்டதானே அரிசி வாங்கறான்? நீ ஜெயிச்சு வா, மாலை என்னோடது."

மாலையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? பற்களைக் கடித்தபடி வெளியேறினாள். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர், நுரை பூசிய வாடிக்கையாளரைக் காக்கவைத்து மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார். அடுத்து, பல் மருத்துவமனையில் வேலை செய்யும் சித்தப்பா மருமகள். "ஐயோ அண்ணி, மாமா எனக்கும் போட்டுட்டாரா?" என்று நொந்துகொண்டே, இரண்டு நோயாளிகளுக்கு இடையில் போட்டுக் கொடுத்தாள்.

மீதி ஒன்று. மணி மூன்று ஐந்து.

சித்தி தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். படிவத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"சித்தி, கடைசியில ஒரு கோடு இருக்கு பாருங்க, அங்க போட்டாப் போதும்."

"படிக்காமப் போடவா? இதுல நான் என்ன சொல்றதா எழுதியிருக்கு?"

"இவங்க நகரமன்றத்துல இருக்கத் தகுந்தவங்கன்னு நீங்க சொல்றீங்க."

"அப்படி நான் சொல்றேனா?"

ஊசியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சித்தி, நேரமில்ல!"

"பதினோரு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போற. உங்க கட்சி நோட்டீஸை எல்லாம் உங்க சித்தப்பா கையில கொடுப்ப. கூட்டம் எங்கேன்னு அவர்கிட்டச் சொல்லுவ. என்கிட்ட என்ன கேட்ட? 'சித்தி, டீ இருக்கா?'ன்னு கேட்ட."

சோபாவில் இருந்த சித்தப்பா இருமினார். கட்சி தன்னை உட்கார வைத்த புகைப்பட முன்வரிசை ஊசியக்காவின் நினைவில் வந்து போனது.

"சரி, கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும் சித்தி?"

"கண்ணாஸ்பத்திரிக்கு எதிர்ல சிக்னல் இருக்கே. நடக்கறவங்களுக்கு எத்தனை செகண்ட் விடறாங்க?"

தேர்தல் அறிக்கையில் வீட்டு வசதி இருந்தது, வேலைவாய்ப்பு இருந்தது, ஒற்றுமைகூட இருந்தது. அந்த விளக்கு இல்லை.

"தெரியல."

"பதினாலு. இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் பாதி ரோட்டுல நிக்கும்போதே சிவப்பாயிடுது. ஹாரன் அடிக்கறான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். மணி மூன்று இருபத்தைந்து. சித்தி பேனாவை எடுத்தாள். பல ஆண்டுகளாகக் கையெழுத்துக்குப் பழகாத விரல்கள்; முதல் எழுத்துக்கே ஒரு நிமிடம் ஆயிற்று. சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து கையை நீட்டினார்.

"வேணும்னா நான் பிடிச்சு—"

"தொடாதீங்க!" என்று இரு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலும் கீழுமாக, பெயர் முழுதாக வந்து சேர்ந்தது. சித்தி பேனாவை மூடினாள்.

"இது நீ நிக்கறதுக்கு. ஓட்டு வேற. அதை யோசிக்கணும்."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு, மூச்சிரைக்க, படிவம் மூன்றாம் கவுன்ட்டரை அடைந்தது. அலுவலர் பத்தாவது கையெழுத்தில் விரலை நிறுத்தினார்.

"இது என்னம்மா இப்படி நடுங்குது?"

"அவங்களே போட்டது சார்."

அவர் முத்திரையை ஓங்கி வைத்தார். வெளியே வருவதற்குள் கைப்பேசி அடித்தது.

"என்ன பாப்பா, தாக்கல் ஆச்சா? இனிமே கவலையே வேணாம். நம்ம வீட்டுல நாலு ஓட்டு உறுதின்னு இப்பவே எழுதி வெச்சுக்கோ."

"உங்களோட ஒண்ணு உறுதி சித்தப்பா. மத்த மூணு பேரையும் நானே நேர்ல வந்து கேக்கறேன்."

"அதுக்கு எதுக்கும்மா நீ அலையற? நானே கேட்டு, நானே சொல்லிடறேன்!"